விளக்கம் இருந்தும் வராத தெளிவு: ஒரு கோச்சிங் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வின் மையத்தில் இருப்பவர் 43 வயதுப் பெண். 11 பேர் கொண்ட பகுப்பாய்வுக் குழு ஒன்றுக்குத் தலைமை வகிக்கிறார். 16 வயது மகளின் தாய். ஐந்து மாத காலத்தில் நாங்கள் 10 அமர்வுகள் பேசினோம். பிறகு மூன்று மாத இடைவெளி விட்டு ஒருமுறை சந்தித்தோம். அவர் யார் என்று தெரியவரக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன். எழுதி முடித்த பிரதியை அவரே முழுவதும் படித்துச் சம்மதம் தந்த பிறகுதான் இதை வெளியிடுகிறேன். தன்னைப் பற்றி நிறைய யோசிப்பவர் தன்னை நன்றாக அறிந்தவராகவும் இருப்பார் என்ற நம்பிக்கை கோச்சிங் என்று சொல்லப்படும் வாழ்க்கைப் பயிற்சித் துறையில் இருக்கும் எங்களில் பலருக்கு உண்டு. எனக்கும் பல ஆண்டுகள் இருந்தது. இந்தப் பயனாளருடன் வேலை செய்த மாதங்களில் அந்த நம்பிக்கை எப்படி ஆட்டங்கண்டது, நான் எங்கே தவறினேன், பிறகு எது கைகொடுத்தது என்பதை இயன்றவரை உள்ளபடியே எழுதுகிறேன்.

வந்த காரணம்

அவரைக் கோச்சிங் பக்கம் திருப்பியவை இரண்டு பேச்சுகள். ஒன்று, குழுவை விட்டு விலகிய இளைஞர் ஒருவர் கடைசி நாளில் சொன்னது: "உங்ககிட்ட நிறையக் கத்துக்கிட்டேன் மேடம். ஆனா இது என் வேலைன்னு சொல்லிக்க எனக்கு இங்க ஒண்ணுமே இருந்ததில்ல." அந்த ஓராண்டில் விலகியவர்களில் அவர் மூன்றாமவர். மற்றொன்று, மகள் ஒரு மாலை சலிப்போடு சொன்னது: "கேள்வியும் நீயே கேக்குற, பதிலும் நீயே சொல்லிடுற. அப்புறம் நான் எதுக்கும்மா?" ஜோசப் லஃப்ட், ஹாரிங்டன் இங்ஹாம் என்ற இரு உளவியலாளர்கள் 1955இல் வகுத்த ஜோஹாரி சாளரத்தில், பிறர் கண்ணுக்குத் தெரிந்தும் நமக்குத் தெரியாத ஒரு பகுதி உண்டு. இந்த இரண்டு பேச்சும் அந்தப் பகுதியிலிருந்து வந்தவை. இரண்டையும் அவர் தேதியிட்டுக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தார்.

அந்தக் குறிப்பேட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்பது ஆண்டுகளாக அநேகமாக ஒரு நாளும் தவறாமல் நாட்குறிப்பு எழுதி வருபவர் அவர். அன்று நடந்தது, அதனால் மனத்தில் எழுந்தது, அது ஏன் எழுந்தது என்ற மூன்றையும் எழுதாமல் தூங்கப் போவதில்லை. முதல் அமர்வில், எதையும் பிறர் பொறுப்பில் விட முடியாத இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்திருக்கும் என்று நான் கேட்டபோது, ஒரு நொடிகூடத் தயங்காமல் கோர்வையாகப் பதில் வந்தது. மூன்று பிள்ளைகளில் தான் மூத்தவர். தாய் நெடுங்காலம் நோயில் படுத்திருந்தார். 12 வயதிலேயே வீட்டுப் பொறுப்பு தோளில் ஏறியது. தான் கவனிக்காமல் விட்டால் ஏதோ ஒன்று கெட்டுப்போய்விடும் என்ற பயம் அப்போதே உள்ளே இறங்கிவிட்டது. அந்தப் பயத்தால்தான் இன்றும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டு நிம்மதியாக இருக்க முடிவதில்லை. எங்கே நிறுத்த வேண்டும், எந்தச் சொல்லில் குரல் தாழ வேண்டும் என்பதுகூடப் பழகிப்போன ஒரு கதைபோல அது இருந்தது. எனக்கு அது அப்போது உறைக்கவில்லை. "தன்னைப் பற்றிய தெளிவு மிக அதிகம், பாதி வேலை முடிந்துவிட்டது" என்று அன்றைய என் குறிப்பில் எழுதினேன். முதல் தவறு அந்த வரி.

முதல் நான்கு அமர்வுகள்

அடுத்த இரண்டு அமர்வுகளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 1980களில் ஜான் விட்மோரும் அவருடைய சகாக்களும் உருவாக்கி, இன்று கோச்சிங் கற்கும் எவரும் முதல் வாரத்திலேயே பழகிக்கொள்கிற 'குரோ' (GROW) முறையைப் பின்பற்றினோம். இலக்கு என்ன, இப்போதைய நிலைமை என்ன, என்னென்ன வழிகள் இருக்கின்றன, அவற்றில் எதைச் செய்யப் போகிறீர்கள் என்ற வரிசையில் கேள்விகள் சென்றன. குழுவினரிடம் முழுமையாக ஒப்படைக்கக்கூடிய மூன்று வேலைகளை அவர் தேர்ந்தெடுத்தார். யாருக்கு எது, எந்தத் தேதிக்குள் என்றும் முடிவாயிற்று. எல்லாம் சரியாகத்தான் நடந்தது.

நான்காம் அமர்வில் அவர் சொன்னார்: "மூணையும் கொடுத்துட்டேன். ராத்திரி உக்காந்து மூணையும் திரும்ப நானே செஞ்சுட்டேன். அவங்களுக்குத் தெரியாது." சொல்லிவிட்டு உடனே விளக்கத்துக்குப் போனார்: பயம், தாயின் நோய், 12 வயது. அந்த விளக்கம் எத்தனை சரளமாக வருகிறது என்பதை அன்றுதான் கவனித்தேன். அதைச் சொன்னதும் அவர் முகத்தில் ஓர் இளைப்பாறல் தெரிந்தது. செய்ததற்கும் செய்யாததற்கும் கணக்கு முடிந்துவிட்டது போன்ற இளைப்பாறல். ஒவ்வொரு முறையும் அந்தக் கதை வந்து, கண்ணெதிரே இருக்கும் நிகழ்வின் மேல் போர்வையைப் போல விழுந்து அதை மூடிவிடுகிறது. கதை பொய் என்று நான் சொல்லவில்லை. அந்தச் சிறுமி பட்ட பாடு உண்மை. ஆனால் இந்த வாரத்து இரவில் அவர் ஏன் அந்த மூன்று வேலைகளையும் திரும்பச் செய்தார் என்ற கேள்விக்கு, 31 ஆண்டுகளுக்கு முந்தைய அந்தப் பாடு விடையாகுமா என்பதை நாங்கள் இருவருமே சோதித்துப் பார்த்திருக்கவில்லை.

சிட்னி பல்கலைக்கழகத்தில் கோச்சிங் உளவியலுக்கென ஒரு தனிப் பிரிவைத் தொடங்கிய அந்தோணி கிராண்ட், இரண்டு சக ஆய்வாளர்களுடன் சேர்ந்து 2002இல் வெளியிட்ட அளவுகோல் ஒன்று இந்த இடத்தில் எனக்குத் துணையாக வந்தது. தன்னை அலசிப் பார்ப்பது ஒன்று, அலசியதால் தெளிவு பிறப்பது மற்றொன்று என்று அவர்கள் இரண்டையும் பிரித்து அளந்தார்கள். நாட்குறிப்பு எழுதுபவர்கள் அலசலில் மற்றவர்களைவிட உயர்ந்தும் தெளிவில் தாழ்ந்தும் இருந்ததைக் கண்டார்கள். நாட்குறிப்பு தெளிவைக் கெடுக்கிறது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. தெளிவு கிடைக்காதவர்கள்தான் அதைத் தேடி எழுத உட்காருகிறார்கள் என்றும் இருக்கலாம். எப்படியானாலும், எழுதிக்கொண்டே இருப்பதைத் தெளிவின் அடையாளமாக எடுத்துக்கொண்ட என் முதல் நாள் குறிப்புக்கு அங்கே இடமில்லை.

'ஏன்' என்ற கேள்வியின் இயல்பும் இதில் சேர்கிறது. ரிச்சர்ட் நிஸ்பெட்டும் திமோத்தி வில்சனும் 1977இல் எழுதிய கட்டுரையில் ஒரு சோதனை வருகிறது. ஒரே மாதிரியான நான்கு ஜோடி நைலான் காலுறைகளை வரிசையாக வைத்து, தரத்தில் சிறந்தது எது என்று கேட்டார்கள். வலது ஓரத்தில் இருந்ததையே மற்ற எதையும்விட அதிகம் பேர் தேர்ந்தெடுத்தார்கள். காரணம் கேட்டபோது, அது இருந்த இடத்தை ஒருவரும் சொல்லவில்லை. நம் செயலுக்கு நாமே சொல்லும் காரணம், நமக்குள் எட்டிப் பார்த்து எடுத்ததாக இல்லாமல், கேட்பவருக்கும் நமக்கும் பொருத்தமாகத் தோன்றுகிற ஒன்றாக இருந்துவிடலாம். முதல் அமர்வில் நான் கேட்ட 'எங்கிருந்து வந்திருக்கும்' என்பது வேறு சொற்களில் வந்த அதே 'ஏன்'தான். அதற்குப் பொருத்தமான பதிலை ஒன்பது ஆண்டுகளாக அவர் செதுக்கி வைத்திருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை மாலை

ஐந்தாம் அமர்வில் முறையை மாற்றினேன். கோச்சிங்கின் வேர்களில் ஒன்று டென்னிஸ் மைதானத்தில் இருக்கிறது. 1970களில் திமோத்தி கால்வே தன்னிடம் கற்க வந்தவர்களுக்கு மட்டையைப் பிடிக்கும் விதத்தைத் திருத்திக்கொண்டிருப்பதைக் குறைத்துக்கொண்டார். பந்து தரையில் பட்டதும் 'துள்ளல்' என்றும் மட்டையில் பட்டதும் 'அடி' என்றும் வாய்விட்டுச் சொல்ல மட்டும் வைத்தார். கவனம் பந்தின் மேல் நிலைத்ததும் ஆட்டம் தானே சீரானது. நானும் பயனாளரிடம் விளக்கம் எதையும் கேட்காமல், பந்து எங்கே துள்ளியது என்று மட்டும் கேட்க முடிவு செய்தேன். கடந்த வாரத்தில் திருத்த உட்கார்ந்த ஒரே ஒரு தருணத்தை எடுத்துக்கொள்ளச் சொன்னேன். செவ்வாய்க்கிழமை மாலை நான்கு மணிக்கு, குழுவில் இளையவரான ஒருவர் அனுப்பிய அறிக்கையை அவர் தேர்ந்தெடுத்தார்.

ஏறத்தாழ 40 நிமிடங்கள் அந்த ஒரு தருணத்திலேயே இருந்தோம். கோப்பைத் திறந்தபோது எப்படி உட்கார்ந்திருந்தார், எந்தப் பக்கத்தை முதலில் பார்த்தார், கை எங்கே இருந்தது என்றெல்லாம் கேட்டேன். இரண்டு முறை அவர் தாயின் நோய்க்குப் போக முயன்றார். இரண்டு முறையும், "அதற்குப் பிறகு வருவோம், இப்போது நீங்கள் மூன்றாம் பக்கத்தில் இருக்கிறீர்கள்" என்று திருப்பி அழைத்து வந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஒரு வரைபடம். அதைப் பார்த்ததும் என்ன நடந்தது என்று கேட்டேன்.

"நல்லா இருந்துச்சு."

"அதற்குப் பிறகு?"

"நான் போட்டிருந்தா இவ்வளவு சுலபமாப் புரிஞ்சிருக்காது. அந்தப் பையன் ரொம்ப எளிமையாப் போட்டிருந்தான்." சற்று நேரம் பேச்சில்லை. வலது கை தானாக மேசை மேல் வந்து, இல்லாத மவுசைப் பிடித்தது. "இங்கதான் பிடிச்சேன். இங்க இருந்துதான் மாத்த ஆரம்பிச்சேன்."

"எந்தப் பிழையை?"

அவர் பதில் சொல்லவில்லை. கழுத்துக்குக் கீழே ஏதோ இறுகுவதாகச் சொல்லி, உள்ளங்கையை அங்கே வைத்துக்கொண்டார். பிறகு மெல்லச் சொன்னார்: "பிழை ஒண்ணும் இல்லையே."

ஒன்பது ஆண்டு விளக்கத்தின்படி அவர் திருத்துவது வேலை கெட்டுப்போகும் என்ற பயத்தால். அந்தச் செவ்வாய்க்கிழமையில் கெட்டுப்போகக்கூடியது எதுவும் இல்லை. ஒரே ஒரு தருணத்தை வைத்து எதையும் முடிவு செய்துவிடக் கூடாது என்பதால், கடைசியாக வந்த எட்டு அறிக்கைகளை எடுத்து, வந்த வடிவத்தையும் அவர் திருத்தி அனுப்பிய வடிவத்தையும் அருகருகே வைத்துப் பார்க்கும்படி கேட்டுக்கொண்டேன். என்ன மாற்றினார் என்பதை மட்டும் குறித்தால் போதும், ஏன் என்று எழுத வேண்டாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனைதான் அவருக்கு மிகக் கடினமாக இருந்தது.

ஆறாம் அமர்வுக்கு அவர் கொண்டுவந்த கணக்கு இதுதான். எட்டில் மூன்று அறிக்கைகள் உண்மையிலேயே பலவீனமானவை. அவற்றில் அவர் கையே வைக்கவில்லை, ஓரத்தில் கேள்விகள் எழுதி எழுதியவருக்கே திருப்பி அனுப்பியிருந்தார். மற்ற ஐந்தும் நன்றாக இருந்தவை. அந்த ஐந்தையும்தான் இரவு வெகுநேரம் விழித்திருந்து மாற்றி எழுதியிருந்தார். மாற்றங்களில் பெரும்பாலானவை சொற்கள்: 'உயர்ந்துள்ளது' என்பது 'அதிகரித்துள்ளது' ஆகியிருந்தது. அந்த எளிய வரைபடம் பழைய சிக்கலான வடிவத்துக்கு மாறியிருந்தது. "மோசமா இருந்தா எனக்குப் பதட்டமே இல்ல" என்றார். "நல்லா இருந்தாதான்…" என்று தொடங்கி, வாக்கியத்தை முடிக்காமல் அழுதார். நானும் அதை முடித்து வைக்கவில்லை. அவருடைய மகளின் பேச்சு நினைவில் இருந்ததால், பதிலை நான் சொல்லிவிடக் கூடாது என்பதில் கவனமாக இருந்தேன். சில நிமிடங்களுக்குப் பிறகு அவரே சொன்னார்: "நான் இல்லாமலே நல்லா இருக்குன்னா, அப்புறம் நான் எதுக்கு?" மகளின் வாக்கியம் இடம் மாறித் தன் வாயிலிருந்து வந்ததை அவர் அந்தக் கணமே கண்டுகொண்டார். அதை நான் சுட்டிக்காட்ட வேண்டியிருக்கவில்லை.

கோச்சிங்கின் எல்லை

அதே அமர்வின் முடிவில், மூன்று வாரங்களாகச் சரியாகத் தூக்கம் இல்லை என்றும், எதிலும் மனம் ஒட்டவில்லை என்றும் சொன்னார். இந்த இடத்தில் பயிற்சியாளருக்குத் தயக்கம் இருக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. கோச்சிங் என்பது மனநலச் சிகிச்சை அன்று; நோயைக் கண்டறியும் தகுதியும் உரிமையும் எங்களுக்கு இல்லை. 1995இல் தாமஸ் லெனார்ட் தொடங்கிய சர்வதேசக் கோச்சிங் கூட்டமைப்பின் நெறிமுறைகளைப் படித்த எவருக்கும், தேவைப்படும்போது பயனாளரை உரிய நிபுணரிடம் அனுப்புவது தன் கடமை என்பது தெரிந்திருக்கும். ஆனாலும் உருக்கமான ஓர் அமர்வு நடந்து முடிந்தவுடன், இத்தனை தூரம் வந்துவிட்டோம், தொடர்ந்து பேசினால் இதுவும் சரியாகிவிடும் என்ற ஆசை பயிற்சியாளருக்கே வரும். எனக்கும் வந்தது. மருத்துவரையும் உளவியல் ஆலோசகரையும் பார்க்கும்படி அன்றே சொன்னேன். பார்த்த பிறகே அடுத்த அமர்வு என்று முடிவு செய்தோம். தாயின் நோயும் அந்தச் சிறுமியின் பாரமும் ஆலோசகரின் அறையில் பேசப்பட்டன. எங்கள் அமர்வுகள் இன்றைய வேலை, இன்றைய வீடு என்ற எல்லைக்குள் நின்றன. இப்படிப் பிரித்துக்கொண்டது இரண்டு பக்கத்துக்கும் நன்மையாக அமைந்தது என்று நினைக்கிறேன்.

என் குறிப்பேடு

இந்த நிகழ்வில் எனக்கு மிகப் பெரிய பாடமாக அமைந்தது ஆறாம் அமர்வுக்கும் ஏழாம் அமர்வுக்கும் இடையில் நடந்தது. என் வேலையை அவ்வப்போது ஒரு மூத்த பயிற்சியாளரிடம் மேற்பார்வைக்குக் கொண்டுபோவது வழக்கம். இந்த நிகழ்வைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தபோது, அமர்வுக் குறிப்புகளைப் பார்க்கலாமா என்று அவர் கேட்டார். மிக நேர்த்தியாகத் தட்டச்சு செய்த பக்கங்களை எடுத்துக் கொடுத்தேன். இரண்டு பக்கம் புரட்டிவிட்டு, "இது நீங்க எழுதினது இல்லையே" என்றார்.

உண்மைதான். இரண்டாம் அமர்விலிருந்து ஒவ்வொரு முறையும், பேசி முடித்த அன்று இரவே, அமர்வின் சுருக்கத்தை எழுதி எனக்கு மின்னஞ்சலில் அனுப்பிவிடுவார் பயனாளர். நான் கேட்டது இல்லை. அவை மிகச் சரியாகவும் இருந்தன. ஒரு பக்கம் எழுதி வரும்படி நான் கொடுத்த பயிற்சிக்கு 12 பக்கம் எழுதி வந்ததை அக்கறை என்று எடுத்துக்கொண்டேன். வீட்டுக்குப் போய் என் குறிப்பேட்டைத் திறந்து பார்த்தால், மூன்றாம் அமர்வுக்குப் பிறகு அவர் பெயருக்கான பக்கங்கள் வெறுமையாக இருந்தன. அவர் குழுவில் இருந்த இளைஞர் எதை இழந்தேன் என்று சொன்னாரோ அதை நானும் இழந்திருந்தேன், இழந்தது தெரியாமலே. தன் வேலையைப் பிறரிடம் கொடுக்க முடியாதவர் என்று நான் கருதிய ஒருவர், என் வேலையை என்னிடமிருந்து எடுத்துக்கொண்டிருந்தார். நானும் அது சௌகரியமாக இருந்ததால் கொடுத்திருந்தேன். குழுவினர் பலர் அவரிடம் ஏன் எதிர்ப்புக் காட்டவில்லை என்ற கேள்விக்கு விடையும் அதில் இருந்தது: அவர் எடுத்துக்கொள்வது எடுத்துக்கொள்ளப்படுபவருக்கு முதலில் சுகமாகவே இருக்கும்.

ஏழாம் அமர்வில் என் வெற்றுப் பக்கங்களை அவரிடம் காட்டினேன். குற்றம் சாட்டுவதாகத் தோன்றிவிடக் கூடாது என்பதால், என் பங்கை முதலில் சொன்னேன். அவர் முகம் சிவந்தது. உடனே மன்னிப்புக் கேட்டார். அடுத்த மூச்சில், "இனிமே சுருக்கமா அனுப்புறேன்" என்றார். இருவருமே ஒரு கணம் அப்படியே இருந்தோம். பிறகு அவரே, "பாருங்க, அதையும் நானே சரி பண்ணப் பாக்குறேன்" என்றார். வெளியே நடந்ததைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த வரையில் அது அவருக்கு ஒரு தகவலாகவே இருந்தது. இருவர் இருக்கும் அறையில், அப்போதே, அதே செயல் நடப்பதை இருவரும் சேர்ந்து பார்த்தபோதுதான் அது அவருக்குப் பிடிபட்டது. இனி சுருக்கம் அனுப்புவதில்லை, குறிப்பு எழுதுவது என் பொறுப்பு என்று ஒப்புக்கொண்டோம். அடுத்த அமர்வில், வழக்கம்போல எழுதி வைத்துவிட்டு அனுப்பாமல் இருந்ததாகச் சொன்னார். அனுப்பாத அந்த இரவு, வீட்டில் ஒரு விளக்கை அணைக்காமல் வந்துவிட்ட நினைவுபோல உறுத்திக்கொண்டே இருந்ததாம்.

சோதனையும் சறுக்கலும்

ராபர்ட் கீகன், லிசா லேஹி இருவரும் 2001இல் முன்வைத்த ஒரு பார்வை எட்டாம் அமர்வுக்கு அடிப்படையாயிற்று. மாற வேண்டும் என்று மனதார விரும்பும் ஒருவர் மாறாமல் இருக்கிறார் என்றால், அவருக்குள் அதே அளவு உண்மையான மற்றொரு பற்று எதிர்த்திசையில் இழுத்துக்கொண்டிருக்கிறது. அதைச் சோம்பல் என்றோ மனவுறுதிக் குறைவு என்றோ எண்ணினால் வழி அடைபட்டுவிடும் என்பது அவர்கள் சொல்வதன் சாரம். நம் பயனாளர் ஒப்படைக்கவும் விரும்பினார். தேவைப்படாதவராகிவிடக் கூடாது என்பதிலும் உறுதியாக இருந்தார். இரண்டாவதன் அடியில் ஓர் அனுமானம் இருந்தது: என்னால் ஆக வேண்டியது ஒன்றும் இல்லை என்றால் என்னோடு யாரும் இருக்க மாட்டார்கள். அதை அவர் ஒரு தாளில் எழுதியபோது கை நடுங்கியது. அனுமானத்தைப் பொய்யென்று வாதாடி வெல்ல முடியாது. சிறிய அளவில் சோதித்துத்தான் பார்க்க வேண்டும்.

சோதனையைத் தீர்மானமாக மட்டும் விட்டுவிடாமல், 'இது நேர்ந்தால் இதைச் செய்வேன்' என்ற அமைப்பில் எழுதினோம். பீட்டர் கோல்விட்சர் இவ்வகைத் திட்டமிடலை நெடுங்காலம் ஆராய்ந்தவர். அவரும் பாஸ்கல் ஷீரனும் 2006இல் 94 சோதனைகளைத் தொகுத்துப் பார்த்ததில், வெறும் தீர்மானத்தைவிட இந்த அமைப்பு குறிப்பிடத்தக்க பலன் தருவதாகத் தெரிந்தது. அவர் எழுதியது: "ஓர் அறிக்கை நன்றாக இருக்கிறது என்று தோன்றி, கழுத்துக்குக் கீழே இறுக்கம் வந்தால், கோப்பை மூடிவிட்டு, எழுதியவரிடம் போய் அதில் எனக்குப் பிடித்ததைச் சொல்வேன்." தூண்டுதலாக அவர் தேர்ந்தெடுத்தது பிழையை அன்று, இறுக்கத்தை. ஐந்தாம் அமர்வின் 40 நிமிடங்கள் இல்லாமல் இந்த வாக்கியத்தை அவரால் எழுதியிருக்க முடியாது.

முதல் அறிக்கை அப்படியே போயிற்று. இரண்டாவதும் போயிற்று. மூன்றாவதில் ஓர் அட்டவணையின் இரண்டு பத்திகள் இடம் மாறியிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. மேலிடத்திலிருந்து கேள்வி வந்தது. அடுத்த இரண்டு வாரம் வந்த எல்லாவற்றையும் அவர் பழையபடி இரவில் திருத்தினார். ஒன்பதாம் அமர்வுக்கு வந்தபோது, "நான் சொன்னேன்ல" என்ற தொனி குரலில் இருந்தது. பழைய விளக்கம், பயம் என்ற அதே சொல், திரும்பி வந்திருந்தது. நான் அதை மறுக்கவில்லை. அந்த இரண்டு வாரத்தில் திருத்தியவற்றை மறுபடியும் அருகருகே வைத்துப் பார்த்தோம். அட்டவணைகளை அவர் சரிபார்த்த இடங்கள் நான்கு; அவை தேவையான சரிபார்ப்புகள், ஒரு தலைவர் செய்ய வேண்டியவை. சொல் மாற்றங்கள் 30க்கும் மேல். இரண்டையும் ஒரே நிற மையால் குறித்திருந்தார். சரிபார்ப்பதும் தன் முத்திரையைப் பதிப்பதும் வேறு வேறு என்பதை வேறு வேறு நிறங்களில் குறிக்கத் தொடங்கியது அன்றுதான். குழுவிலேயே ஒருவர் மற்றவரின் அட்டவணையைச் சரிபார்க்கும் ஏற்பாட்டைச் செய்யலாம் என்ற யோசனை குழுவினரிடமிருந்தே வந்தது. அவர் அதற்கு ஒத்துக்கொண்டார். சறுக்கல் நேராமல் இருந்திருந்தால் இந்த வேறுபாடு கண்ணில் பட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகமே.

வீட்டில் நடந்த மாற்றம் சிறியது. மகளிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வரும்வரை காத்திருப்பது என்ற ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டார். முதல் நாள் அந்த மௌனம் தாங்க முடியாமல் எழுந்து வேறு அறைக்குப் போய்விட்டார். பிறகு ஒரு நாள் மகள் பேச ஆரம்பித்து நெடுநேரம் நிறுத்தவில்லை. என்ன பேசினாள் என்பதை என்னிடம் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

எதை எடுத்துக்கொள்ளலாம், எதைக் கூடாது

இது ஒருவரின் கதை. இதே காலத்தில் உளவியல் ஆலோசகரின் உதவி இருந்தது, தூக்கம் சீரானது, குழுவில் புதிதாக இருவர் சேர்ந்தார்கள். மாற்றத்தில் கோச்சிங்கின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் வழியில்லை. அவரிடம் பயம் இருந்ததே இல்லை, தேவைப்படாமல் போகும் வேதனை மட்டுமே இருந்தது என்றும் சொல்ல மாட்டேன். ஒரு விளக்கத்தை இறக்கிவிட்டு மற்றொன்றை அதே பீடத்தில் ஏற்றினால் ஐந்தாம் அமர்வுக்கு முன்பிருந்த இடத்துக்கே திரும்புவோம். இதை அவரிடமும் சொல்லியிருக்கிறேன். பத்தாம் அமர்வில் அவர் நாட்குறிப்பை நிறுத்திவிடலாமா என்று கேட்டார். நிறுத்த வேண்டியதில்லை என்பது என் எண்ணம்; ஆனால் முடிவு அவருடையது. இப்போது எழுதுவதில் 'ஏன்' என்ற மூன்றாவது பத்தியை விட்டுவிட்டதாகவும், பல நாட்கள் இரண்டு வரிக்கு மேல் வருவதில்லை என்றும் பிறகு சொன்னார். என் பக்கத்தில், முதல் அமர்வில் சரளமாக வரும் சுயவிளக்கத்தைக் கேட்டால் பாராட்டாமல், அந்த விளக்கம் பொருந்தாத ஒரு நாளை நினைவுகூர முடியுமா என்று கேட்கப் பழகியிருக்கிறேன்.

மூன்று மாதம் கழித்து வந்தபோது, இப்போதும் நல்ல அறிக்கை வந்தால் அந்த இறுக்கம் வருகிறது என்றார். சில நாட்கள் கோப்பை மூடிவிடுகிறார். சில நாட்கள் இரண்டு சொல்லை மாற்றிவிட்டுத்தான் மூடுகிறார். மாற்றினால் எழுதியவரிடம் மறைப்பதில்லை. கையில் குறிப்பேடு இல்லை. உட்கார்ந்து, நாற்காலியை முன்னே இழுத்துக்கொண்டு, "போன தடவை எங்க விட்டோம்? எனக்குச் சரியா ஞாபகம் இல்ல" என்றார். நான் என் குறிப்பேட்டைத் திறந்து, என் கையெழுத்தில் இருந்ததைப் படித்துச் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.